500 ஜிபி இமேஜ் 480 ஜிபி எஸ்எஸ்டியில் இறங்க மறுப்பது ஏன்?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 36 கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 11-ஐயும் தேவையான மென்பொருள்களையும் நிறுவி, டிஸ்க்கை ‘இமேஜ்’ என்ற நகலாக எடுத்து வேறு டிஸ்க்கில் இறக்கும் குளோன்சில்லா சர்வர் மூலம் நெட்வொர்க் வழியாக மற்றவற்றில் நகலெடுத்தோம். மாஸ்டர் கணினியில் இருப்பது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதே அளவு டிஸ்க் உள்ள கணினிகளில் பிரச்சினை இல்லை. 480 ஜிபி எஸ்எஸ்டி உள்ளவற்றில் ‘டிஸ்க் சிறியது’ என்று நின்றுவிடுகிறது. இரண்டில் அந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு முயன்றோம். இப்போது அவை பூட் ஆகவில்லை. 1 டிபி டிஸ்க் உள்ளவற்றில் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கிறது. ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கிறது. இத்தனைக்கும் சி டிரைவில் இருப்பது 110 ஜிபிதான். நெட்வொர்க் சுவிட்சை மாற்ற வேண்டுமா?

பதில்: சுவிட்சைத் தொட வேண்டாம். நெட்வொர்க்கில் கோளாறு என்றால் கணினி சர்வரிலிருந்து பூட்டே ஆகாது, அல்லது நகல் பாதியில் தொங்கும், வேகம் படுத்துவிடும். ஒரே சுவிட்சில் இருந்துகொண்டு டிஸ்க்கின் அளவுக்கு ஏற்றபடி பிரச்சினை மாறுகிறது என்றால், காரணம் மாஸ்டர் கணினியில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் அங்கே பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருந்துதான் வருகின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். 500 ஜிபி டிஸ்க்கில் 512 பைட் கொண்ட செக்டர்கள் (தரவை வைக்கும் சிறு கட்டங்கள்) 97,67,73,168 இருக்கும். 480 ஜிபி எஸ்எஸ்டியில் 93,77,03,088. கிட்டத்தட்ட 20 ஜிபி குறைவு. ‘110 ஜிபி தரவுதானே, ஏன் கொள்ளவில்லை?’ என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் குளோன்சில்லா தரவை இறக்குவதற்கு முன்பே பார்ட்டிஷன் அட்டவணையை எழுதிவிடுகிறது. எந்தப் பார்ட்டிஷன் எந்தச் செக்டரில் தொடங்கி எதில் முடிகிறது என்பதே அந்த அட்டவணை. விண்டோஸ் 11 தானாக நிறுவும்போது வரிசை இப்படி அமையும்: பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிக்கொள்ளும் 16 எம்பி (எம்எஸ்ஆர்), சி டிரைவ், கடைசியில் விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் ரெக்கவரி. அந்த ரெக்கவரி பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் எஸ்எஸ்டியில் அப்படி ஒரு இடமே கிடையாது.

பலரும் இந்த இடத்தில்தான் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கிவிட்டு மறுபடி இமேஜ் எடுப்பார்கள். மறுபடியும் அதே பிழை வரும். சி-யைச் சுருக்கினால் சி-க்கும் ரெக்கவரிக்கும் நடுவில் காலியிடம் உண்டாகுமே தவிர, ரெக்கவரி தன் இடத்தை விட்டு நகராது.

அடுத்து, குளோன்சில்லாவின் எக்ஸ்பர்ட் மோடில் அட்டவணையை விகிதாசாரப்படி உருவாக்கும் ‘கே1’ தேர்வைப் போட்டுப் பார்ப்பார்கள். அது பெரிய டிஸ்க்குக்கு அருமையான வசதி. சிறிய டிஸ்க்கில் சி பார்ட்டிஷனும் அதே விகிதத்தில் சுருங்கும். உள்ளே இருக்கும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) சுருங்காது. பார்ட்டிஷன் சிறியதாக இருக்கிறது என்று, குளோன்சில்லா நகலெடுக்கப் பயன்படுத்தும் பார்ட்குளோன் மறுத்துவிடும்.

சோதனையைத் தவிர்த்து முயன்ற இரண்டு கணினிகளில், இல்லாத செக்டர்களைக் காட்டும் அட்டவணை எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கணினிகளின் பார்ட்டிஷன் முறையான ஜிபிடியில் அட்டவணையின் மறுபிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டும். அதுவும் சரியாக அமைந்திருக்காது. அவற்றைப் பழுதுபார்க்க நேரம் செலவழிக்காதீர்கள். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளைக் கருவியில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘கிளீன்’ கொடுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் பழைய அட்டவணைத் தடயம் இரண்டும் போய்விடும்.

சரி, தீர்வுக்கு வருவோம். ஆய்வகத்திலேயே மிகச் சிறிய டிஸ்க் உள்ள கணினியை மாஸ்டராக வையுங்கள். எது சிறியது என்பதை மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஏதாவது ஒரு லினக்ஸ் யுஎஸ்பியில் பூட் செய்து எஃப்டிஸ்க் கட்டளை காட்டும் செக்டர் எண்ணிக்கையைக் கணினிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி எல்லாவற்றையும் நிறுவத் தேவையில்லை. இப்போதைய மாஸ்டரை அங்கே கொண்டுபோகலாம். அதற்கு முன் மாஸ்டரில் சில வேலைகள். ஹைபர்னேஷனை நிறுத்துங்கள்; அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும். அது இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, என்டிஎஃப்எஸ்ஸின் அளவை மாற்றும் கருவிகள் கைவைக்க மறுக்கும். பேஜ் ஃபைலையும் (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வைத்துக்கொள்ளும் கோப்பு) சிஸ்டம் புரொட்டெக்‌ஷனையும் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்துவிட்டு சி டிரைவை 200 ஜிபிக்குச் சுருக்குங்கள். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடந்தால் விண்டோஸ் ஓரளவுக்கு மேல் சுருக்க விடாது. அதனால்தான் இவற்றை முதலில் அணைக்கச் சொல்கிறேன்.

அப்புறம் ரெக்கவரி. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரெக்கவரியைக் கையாளும் ரீஏஜென்ட்சி கட்டளையை ‘டிஸேபிள்’ என்று கொடுத்தால், ரெக்கவரிக் கோப்பு சி டிரைவுக்கு வந்துவிடும். டிஸ்க்பார்ட்டில் வகை ‘ரெக்கவரி’ என்று காட்டும் பார்ட்டிஷனை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துத் தேர்ந்தெடுத்து, ‘ஓவர்ரைடு’ சேர்த்து நீக்குங்கள். பிறகு ரீஏஜென்ட்சியை ‘எனேபிள்’ செய்தால் ரெக்கவரி சி டிரைவுக்குள்ளேயே இயங்கும். ஆய்வகக் கணினிக்கு இது போதும். தனிப் பார்ட்டிஷன் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் முன் இன்னொன்றையும் பாருங்கள்: டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன். பல புதிய கணினிகளில் விண்டோஸ் 11 இதைக் கேட்காமலே தொடங்கிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையும் வரை பூட்டு மட்டும் போடாமல் காத்திருக்கும். கணினி எந்தச் சாவியும் கேட்காமல் பூட் ஆகும். ஆனால் குளோன்சில்லாவுக்கு உள்ளே இருப்பது என்டிஎஃப்எஸ் என்று தெரியாது. அதனால் காலி செக்டர்கள் உட்பட ஒன்றுவிடாமல் நகலெடுக்கும். சர்வரில் இமேஜ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சி-க்கான கோப்பின் பெயரில் என்டிஎஃப்எஸ் என்பதற்குப் பதில் ‘டிடி’ என்று இருந்தால் இதுதான் காரணம். செட்டிங்ஸில் அணைத்துவிட்டு, குறியாக்கம் முழுதாக நீங்கும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகு சுருக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது மாஸ்டரின் சி பார்ட்டிஷனை மட்டும் இமேஜ் எடுங்கள். செக்டர் எண்ணிக்கை மிகக் குறைந்த 480 ஜிபி கணினியை விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’, ஜிபிடியாக மாற்றம், 260 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (ஃபேட்32), 16 எம்பி எம்எஸ்ஆர், மீதி முழுவதும் சி. இந்த வரிசையில் செய்தால் சி மூன்றாவது பார்ட்டிஷனாகவே அமையும், இமேஜோடு ஒத்துப்போகும். குளோன்சில்லாவில் ‘பார்ட்டிஷன் அட்டவணையை உருவாக்காதே’ என்ற தேர்வுடன் சி-யை மட்டும் இறக்குங்கள். கோப்பு முறைமையைப் பார்ட்டிஷன் அளவுக்கு விரிக்கும் ‘ஆர்’ தேர்வும் இருக்கட்டும். கடைசியாக மறுபடி அதே யுஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க்பார்ட்டில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அதில் எழுதுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் கணினி எழாது.

இது நல்லபடியாகப் பூட் ஆனால் இதுவே உங்கள் புதிய மாஸ்டர். அணைத்து வைத்த பேஜ் ஃபைலை இயக்கிவிட்டு, முழுதாக ஷட்டவுன் செய்து, டிஸ்க் முழுவதையும் இமேஜ் எடுங்கள்.

1 டிபி கணினிகளில் எக்ஸ்டென்ட் மங்கியதற்குக் காரணம் சி-க்கு அடுத்து ரெக்கவரி நின்றதுதான். ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே விண்டோஸால் சேர்த்துக்கொள்ள முடியும். புதிய இமேஜில் சி கடைசி என்பதால் அந்தச் சிக்கல் வராது. இந்தக் கணினிகளுக்குக் ‘கே1’ போடுங்கள், இங்கே அது சரியான தேர்வு. ஏற்கெனவே நகலெடுத்த 1 டிபி கணினிகளைக் காப்பாற்ற மெனக்கெடாமல் புதிய இமேஜையே இறக்கிவிடலாம்.

ஏதாவது ஒரு கணினியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் விஎம்டி அல்லது ரெய்டு (டிஸ்க்குகளைக் கையாளும் முறைகள்) இயங்குகிறதா என்று பாருங்கள். மாஸ்டர் ஏஹெச்சிஐ என்ற முறையில் இருந்தால் இதையும் ஏஹெச்சிஐக்கு மாற்றிவிட்டு இறக்கலாம். காலி டிஸ்க்கில் இழக்க எதுவும் இல்லை. விண்டோஸ் ஏற்கெனவே இயங்கும் கணினியில் மட்டும் அப்படிச் சட்டென்று மாற்றாதீர்கள், நீலத்திரை வரும்.

மல்டிகாஸ்ட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புமுன், 480, 500, 1 டிபி ஒவ்வொன்றிலும் ஒரு கணினியில் மட்டும் இறக்கி, பூட் ஆகிறதா, சி முழு அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் அளவுவாரியாக மூன்று குழுவாகப் பிரித்து அனுப்புங்கள். மல்டிகாஸ்ட்டில் குழுவின் வேகம் அதிலுள்ள மிக மெதுவான டிஸ்க்கின் வேகம்தான். ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் அதைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள்.