வாசகர் கேள்வி: ஒட்டினால் போதுமா, கலக்க வேண்டாமா?

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் விந்தணுவும் அண்டமும் சேர்வதைப் படித்தோம். டியூஷன் சார் "பூட்டும் சாவியும் மாதிரி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அவ்வளவுதானா?
– மாணவி, காரைக்குடி

பாதிதான். பூட்டும் சாவியும் உண்டு. விந்தணுவின் மேல் இருக்கும் இசுமோ1 என்ற புரதம் சாவி, அண்டத்தின், அதாவது கருமுட்டையின், படலத்தில் இருக்கும் ஜூனோ பூட்டு. ஆனால் உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவை நினைத்துப் பாருங்கள். சாவி திரும்பியதுமே கதவு திறந்துவிடுமா? ஆள் நின்று தள்ள வேண்டும். இங்கேயும் அதே கதை. சாதாரண செல்களை எடுத்து, ஒன்றில் இசுமோவையும் இன்னொன்றில் ஜூனோவையும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டன, கலக்கவில்லை. ஒட்டுவது வேறு, கலப்பது வேறு.

நடப்பதை வரிசையாகச் சொல்கிறோம். மனித அண்டத்தின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விந்தணுத் தலையின் நீளம் அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. வெளியேறிய கையோடு எந்த விந்தணுவாலும் கருவுறச் செய்ய முடியாது. பெண்ணின் பாதையில் சில மணி நேரம் கிடந்து, மேல்படலத்தின் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இழந்து பக்குவப்பட வேண்டும். 1951-ல் சாங், ஆஸ்டின் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இது. பிறகு தலையில் தொப்பி மாதிரி இருக்கும் அக்ரோசோம் வெடிக்க வேண்டும். அதுவரை இசுமோ அதன் உள்ளேதான் ஒளிந்திருக்கிறது! வெடித்த பின் வெளியே வந்து தலையின் நடுப்பட்டைக்கு நகர்கிறது. அதனால் படத்தில் போடுவதுபோல விந்தணு நுனியால் முட்டித் துளைப்பதில்லை. சோனா பெலுசிடா என்ற வெளியுறையைத் தாண்டிய பின், அண்டத்தின் மேல் பக்கவாட்டில் படுத்து, அந்த நடுப்பட்டையில்தான் கலக்கிறது. கலந்த சில விநாடிகளில் வால் அடிப்பது ஓய்ந்துவிடும்.

கதவைத் தள்ளும் ஆட்கள் யார்? அண்டத்தின் பக்கம் சிடி9. இந்தப் புரதம் இல்லாத பெண் எலிகளிடம் விந்தணு ஒட்டுகிறது, கலப்பதோ மிக அபூர்வம் என்று 2000-ல் தெரியவந்தது. விந்தணுவின் பக்கம் ஸ்பாகா6, டிஎம்இஎம்95 என்று ஒரு பட்டாளமே உண்டு. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆண் எலி மலடாகிறது, இசுமோ சரியாக இருந்தும். இசுமோ1, ஸ்பாகா6, டிஎம்இஎம்81 மூன்றும் ஒரே கட்டாகச் சேர்ந்து நிற்பதை 2024-ல் வியன்னாவைச் சேர்ந்த குழு காட்டியது.

உள்ளே ஒன்று போனதும் அண்டம் கதவைச் சாத்துகிறது. எலியில் 30, 40 நிமிடங்களுக்குள் ஜூனோ படலத்திலிருந்து உதிர்ந்துவிடும். அதோடு அண்டம் கக்கும் ஒவாஸ்டசின் என்ற நொதி, வெளியுறையின் இசட்பி2 புரதத்தை வெட்டிவிடுவதால், பின்னால் வருகிறவை அதில் ஒட்டவே முடியாது.

இசுமோ, ஜூனோ – கேட்டால் சாமி பெயர் மாதிரி இருக்கிறதே?
– வாசகர், தேவகோட்டை

சாமி சம்பந்தம்தான். 2005-ல் ஒசாகாவில் மசாரு ஒகாபே குழுவினர் கண்டுபிடித்த புரதத்துக்கு, ஜப்பானியர் கல்யாண வரம் கேட்டுப் போகும் இசுமோ கோயிலின் பெயரை வைத்தார்கள். 2014-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் காவின் ரைட் குழு அதன் ஜோடியைக் கண்டுபிடித்து, ரோமானியரின் கல்யாண தெய்வமான ஜூனோவின் பெயரைச் சூட்டியது. நகரத்தார் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது முதலில் "எந்தக் கோயில்?" என்பார்கள், ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அண்டத்தின் கணக்கு நேர்மாறு, ஒரே இனம் என்றால்தான் வழி. அந்தச் சோதனையும் பெரும்பாலும் வெளியுறையில்தான். உறையை நீக்கிவிட்டால் வெள்ளெலி அண்டத்தோடு மனித விந்தணு கலந்துவிடும். ஏனென்றால் வெள்ளெலியின் ஜூனோ மனித இசுமோவையும் பிடித்துக்கொள்கிறது.

ஜூனோவின் பழைய பெயர் ஃபோலேட் ரிசெப்டர் 4. பெயரை வைத்து "ஃபோலிக் ஆசிட் போட்டால் ஜூனோ கூடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஃபோலேட்டைப் பிடிப்பதே இல்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போடச் சொல்வது குழந்தையின் மூளை, தண்டுவடத்துக்காக.

நாட்டுக்கோழி முட்டை, புரோட்டீன் பவுடர் சாப்பிட்டால் இந்தப் புரதங்கள் கூடுமா?
– வாசகர், புதுவயல்

கூடாது. தின்ற புரதம் அமினோ அமிலமாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். இசுமோ, விதைப்பையில் விந்தணு உருவாகும்போதே மரபணுவின் சொற்படி செய்யப்படுவது. முட்டையை உடம்புக்காகச் சாப்பிடுங்கள்.

கணவரின் கவுண்ட், அசைவு எல்லாம் நார்மல். ஐவிஎஃப்-ல் எடுத்த 8 முட்டைகளில் ஒன்றுகூடக் கருவுறவில்லை. அடுத்து இக்சி என்கிறார்கள். குறை யாரிடம்?
– வாசகி, பள்ளத்தூர்

யாரிடம் என்பதைவிட, எந்த வாசலில் என்று கேளுங்கள். விந்துப் பரிசோதனை எண்ணிக்கை, அசைவு, வடிவம் இவற்றைத்தான் பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி, அசைவு 42 சதம், சரியான வடிவம் 4 சதம். ஒட்டும் திறனும் கலக்கும் திறனும் அந்தத் தாளில் வராது.

லேபில் கேட்க வேண்டியது இது. எட்டில் எத்தனை முதிர்ந்தவை, அதாவது முதல் துருவ உடல் என்ற சிறு உருண்டை முட்டையின் ஓரத்தில் தெரிந்தவை? முதிராத முட்டை என்றால் விந்தணுவைக் குறை சொல்ல முடியாது. 16 முதல் 18 மணி நேரத்தில் பார்த்தபோது வெளியுறையில் விந்தணு ஒட்டியிருந்ததா? ஒன்றுகூட இல்லையென்றால் பக்குவப்படுவதிலோ உறையிலோ கோளாறு இருக்கலாம். ஒட்டியும் உள்ளே போகவில்லை என்றால் அக்ரோசோமைச் சந்தேகிக்கலாம். உறையைத் தாண்டி, முட்டைக்கும் உறைக்கும் நடுவே கூட்டமாக நின்றும், கருவுற்றதைக் காட்டும் உட்கரு ஒன்றும் முட்டைக்குள் தெரியவில்லை என்றால் கலப்பதில் தடை. இசுமோ இல்லாத எலிகளில் கண்டது இதே காட்சி. மனிதரில் இது அபூர்வம்.

1992-ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட இக்சி முறையில் ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே வைத்துவிடுவதால் உறை, ஜூனோ, இசுமோ எதுவும் குறுக்கே வராது. அதனால் மருத்துவர் சொல்வது நியாயம்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முட்டையை எழுப்புவது விந்தணு கொண்டுவரும் பிஎல்சி ஜீட்டா என்ற புரதம். அது முட்டைக்குள் கால்சியத்தை அலையலையாக எழுப்பும். அது இல்லாத விந்தணுவை உள்ளே வைத்தாலும் முட்டை தூங்கிக்கொண்டே இருக்கும். தொப்பி இல்லாத உருண்டைத் தலை விந்தணுக்களில் இந்தக் குறை அதிகம். அப்போது கால்சியம் அயனோஃபோர் கரைசலில் முட்டையைச் சிறிது நேரம் வைத்து எழுப்புவார்கள். இக்சியும் தவறினால் இதைப் பற்றி விசாரியுங்கள்.

பசுவுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஊசி சரியில்லையா?
– வாசகர், கானாடுகாத்தான்

பெரும்பாலும் நேரம் சரியில்லை. மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் உறைந்த விந்தணுக்களில் கணிசமான பகுதி உறைந்து உருகுவதிலேயே செத்துவிடும். பிழைத்தவையும் உறைந்த அதிர்ச்சியில் அரைப் பக்குவம் அடைந்திருக்கும். சிலவற்றின் அக்ரோசோம் முன்கூட்டியே வெடித்து வீணாகியிருக்கும். அதனால் அவற்றின் ஆயுள் குறைவு. முட்டையோ பருவம் அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் வெளிவரும்.

காலையில் கண்ணாடி போல வழும்பு வடிந்து, மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்றால், அன்று சாயங்காலம் போடுங்கள்; சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து எடுத்து, ஈரம் போகத் துடைத்த பிறகே வெட்ட வேண்டும். ஒரு சொட்டு நீர் கலந்தாலும் விந்தணு ஊதிச் சாகும். உருக்கியதைச் சில நிமிடங்களுக்குள் போட்டுவிட வேண்டும், வெயிலில் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வழும்பு சீழ் கலந்து மங்கலாக இருந்தால் ஊசியே வேண்டாம், முதலில் கர்ப்பப்பைக்கு வைத்தியம் பாருங்கள். நேரமும் வழும்பும் சரியாக இருந்தும் 21 நாளுக்கொரு தடவை பருவம் திரும்பிக்கொண்டே இருந்தால், நாலாவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.