இரண்டு கோப்பைக்கு இவ்வளவு பாராட்டா?

கேள்வி: போன இதழில் இல்லவாரா ஹாக்ஸ் கூடைப்பந்து அணியைத் தலையில் தூக்கி வைத்து எழுதியிருந்தீர்கள். 1979-லிருந்து ஆடி வென்றது இரண்டே கோப்பை. பெர்த் வைல்ட்கேட்ஸ் 10 கோப்பை வைத்திருக்கிறது. எப்போதும் தோற்கிற அணிக்கு எதற்கு இந்தப் பாராட்டு? - மெல்போர்ன் வாசகர்

பதில்: உங்கள் கணக்கு சரி. பெர்த்தை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. 1987 முதல் 2021 வரை ஒரு சீசன் விடாமல் ப்ளே-ஆஃப், அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பிறகு முன்னணி அணிகள் மோதும் சுற்று, ஆடிய அணி அது. ஆனால் ஆஸ்திரேலிய தேசிய லீக்கில் கோப்பையை மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

1979-ல் முதல் கோப்பையை வாங்கியது செயின்ட் கில்டா. இன்று அந்தப் பெயரில் அணியே இல்லை. கான்பெரா மூன்று முறை சாம்பியன். 2003-ல் தலைநகரை விட்டே போய்விட்டது. பிரிஸ்பேன் 2008-ல் விலகி, 2016-ல்தான் திரும்பி வந்தது. முதல் சீசனிலிருந்து இன்றுவரை ஒரு வருஷமும் தவறாமல் ஆடுவது இல்லவாரா மட்டும்தான். அதன் ஊர் இல்லவாரா வட்டாரத்தில் இருக்கும் வொல்லங்காங், சிட்னிக்குத் தெற்கே இருக்கும் நிலக்கரி, எஃகு ஊர். பெருநகரத்துப் பணம் அங்கே கிடையாது.

2009-ல் கதை முடிந்திருக்க வேண்டியது. தொடர்ந்து ஆட வேண்டுமானால் 10 லட்சம் டாலருக்கு வங்கி உத்தரவாதம் கொண்டு வா என்றது லீக். கேப்டன் மேட் கேம்பெல்லும் ஊர்க்காரர்களும் அணியைக் காப்பாற்ற இறங்கினார்கள். கடைசியில் அந்த உத்தரவாதத்தைக் கொடுத்தவர் ஓர் இந்தியர். அங்கே சுரங்கம் நடத்திய குஜராத் என்.ஆர்.இ. நிறுவனத்தின் அருண் ஜகத்ராம்கா. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அப்படி உயிர் தப்பிய அணி அதே சீசனில் இறுதித் தொடர் வரை போனது. அங்கே 2-1 என்று தோற்கடித்தது உங்கள் பெர்த்தேதான்.

அப்புறம் 2020. 28 ஆட்டத்தில் ஐந்தே வெற்றியோடு கடைசி இடம். பின்னாளில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் நட்சத்திரமான லமெலோ பால் அந்த சீசனில் அணிக்காக 12 ஆட்டம் ஆடி, காலில் காயத்தோடு நின்றுவிட்டார். பிறகு புதிய உரிமையாளர்கள் வந்ததும் பெயரிலிருந்து 'இல்லவாரா'வை எடுத்துவிட்டு வெறும் 'தி ஹாக்ஸ்' ஆக்கினார்கள். ஊர் ஜனங்களோ பணமில்லாத காலத்திலும் அணியைக் கைவிடாதவர்கள். சட்டையில் சொந்த ஊர்ப்பக்கத்துப் பெயர் இல்லையென்றால் கோபம் வராதா? அடுத்த வருஷமே பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு இது ஒரு கோப்பைக்குச் சமம்.

'எப்போதும் தோற்கிற அணி' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2022-23-ல் 28 ஆட்டத்தில் மூன்றே வெற்றி, உண்மை. அடுத்த சீசன் நடுவில் பயிற்சியாளர் பொறுப்பேற்றார் ஜஸ்டின் டேட்டம், என்.பி.ஏ.வின் பாஸ்டன் அணி நட்சத்திரம் ஜேசன் டேட்டமின் அப்பா. 2025-ல் அதே அணி லீக் பட்டியலில் முதலிடம். இறுதித் தொடரில் எதிரணி உங்கள் ஊர் மெல்போர்ன் யுனைடெட். 2-2 என்று நின்று, ஐந்தாவது ஆட்டம் வொல்லங்காங்கில் நடந்தது. மெல்போர்னின் டெல்லவடோவா ஆடிய ஆட்டத்துக்கு, தோற்ற பக்கம் இருந்தும் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது. அப்படிப்பட்டவரை எதிரில் வைத்துக்கொண்டு, 2001-க்குப் பிறகு 24 வருஷம் காத்திருந்த கோப்பையைச் சொந்த மண்ணிலேயே வாங்கினார்கள்.