அலுமாரிக்குள் 38 கிணறுகள்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த இடம் நெடுங்கேணிப் பக்கம். பேராதனையில் புவிச்சரிதவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் ஊரிலும் அயலிலும் ஆவணி மாதத்தில் 38 கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் புளோரைட்டு அளந்தேன். 14 கிணறுகளில் அளவுக்கு மேல் இருந்தது. அறிக்கைக்கு நல்ல புள்ளி கிடைத்தது, பிரதி அலுமாரியில் இருக்கிறது. அதையே விரித்து எம்.பில். செய்ய வரச்சொல்லி என் மேற்பார்வையாளர் மின்னஞ்சல் போட்டு இரண்டு மாதம். இன்னும் பதில் எழுதவில்லை. அப்பா இல்லை. அம்மா, உயர்தரம் எடுக்கப்போகும் தம்பி, அக்கா, அவவின் ஐந்து வயது மகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். பெரியம்மா லண்டன் சம்பந்தம் ஒன்று கொண்டுவந்து, ‘கல்லைப் படிச்சு என்ன செய்யப்போறாய்’ என்று கேட்கிறா. அம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் விளங்காது. குடும்பக் கடமையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் நான் சுயநலக்காரியா?
— பெயர் வேண்டாம், வவுனியா வடக்கு

பதில்:

பிள்ளை, படிப்பா குடும்பமா என்று கேட்டு இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. எழுதுபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, ‘நீர் சுயநலக்காரி இல்லை’ என்ற ஒரு வரியை என் வாயால் கேட்கவே எழுதுகிறார்கள். அந்த வரியை நான் உமக்குத் தரப்போவதில்லை. உம்முடைய கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் கடைசிக் கேள்வி அல்ல. ‘பிரதி அலுமாரியில் இருக்கிறது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனீரே, அந்த இடம்.

38 கிணறு என்றால் கிட்டத்தட்ட அத்தனை படலைகளைத் திறந்துகொண்டு உள்ளே போயிருப்பீர். நல்ல ஆவணி வெயில். வீட்டுக்காரி அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து, நாயைத் துரத்தி, வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளித் தந்திருப்பா. நீர் பிளாஸ்ரிக் போத்தலை அந்தத் தண்ணீராலேயே அலசி, நிரப்பி, இலக்கம் ஒட்டி, ஜி.பி.எஸ். குறித்திருப்பீர். போகும்போது அவ ஒரு கேள்வி கேட்டிருப்பா: ‘தண்ணி நல்லமோ பிள்ளை?’ நீர் என்ன சொன்னீர் என்பதும் எனக்குத் தெரியும். ‘பாத்துப்போட்டுச் சொல்லுறன் அன்ரி.’ பார்த்தீர். சொன்னீரா?

மூன்று வருடமாகச் சொல்லவில்லை. அதோடு, உம்முடைய வீட்டுக் கிணறு அந்த 38-இல் ஒன்றா என்பதையும் எழுதாமல் விட்டிருக்கிறீர். சொந்த ஊரில் ஆய்வு செய்த பிள்ளை சொந்த வீட்டுக் கிணற்றைத் தாண்டிப் போயிருப்பாள் என்று நான் நம்பவில்லை. அப்படியானால் அது 14-இல் ஒன்றா, மிச்சம் 24-இல் ஒன்றா? அக்காவின் மகளுக்கு இப்போது ஐந்து வயது என்கிறீர். நீர் அளந்தபோது அவளுக்கு இரண்டு. ஏறத்தாழ எட்டு வயது வரை நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் புளோரைட்டு கூடின தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் முதலில் வெள்ளைக் கோடு விழும், கூடக்கூடப் பழுப்புக் கறையாகும். பிறகு எந்தப் பற்பசையாலும் போகாது. இது உமக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் நீரே எழுதியிருப்பீர்.

இன்னொன்றும் கேட்கிறேன். எந்த அளவை வைத்து 14 என்றீர்? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கைக் குடிநீர்த் தரமோ 1.0. வெயில் நாட்டில் ஆட்கள் கூடத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா. 1.5-ஐ வைத்து எண்ணினீர் என்றால், 1.0-ஐ வைத்து எண்ணும்போது தொகை கூடலாம். இன்றிரவே அலுமாரியைத் திறந்து அட்டவணையைப் பாரும்.

அடுத்தது, ‘அம்மாவுக்கு விளங்காது’ என்ற கதை. இதற்குத்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. உம்முடைய அம்மாவின் வயதில் வன்னியில் இருந்தவ எத்தனை இடத்துத் தண்ணீர் குடித்திருப்பா என்று யோசித்துப் பாரும். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் எது சவர்த் தண்ணீர், எதில் பருப்பு அவியாது, எதைக் காய்ச்சினால் கேத்தலில் வெள்ளையாகப் படியும் என்று ஆய்வுகூடம் இல்லாமல் நாக்காலும் கண்ணாலும் பிரித்தறிந்த தலைமுறை அது. ஆனால் புளோரைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கிணற்றில் இருக்கிற அளவில் ருசியும் இல்லை. அம்மாவின் நாக்குக்கு எட்டாத அந்த ஒன்றை அளக்கத்தான் உம்மை நாலு வருடம் படிப்பித்தது. அளந்த பிறகு, ‘அவவுக்கு விளங்காது’ என்று சொல்லி மறைப்பதா?

குடும்பக் கடமை என்றால் வீட்டில் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர். மூன்று வருடமாக வீட்டில்தானே இருக்கிறீர்! அதனால் அந்தக் குழந்தைக்கு என்ன பிரயோசனம்? பெற்றவளையும் கூடப் பிறந்தவர்களையும் பார்ப்பது கடமைதான். அதைக் குறைத்துச் சொல்லுகிற ஆள் நான் இல்லை, ‘உன் வாழ்க்கையை நீ பார்’ என்ற புதுப் பாட்டும் எனக்குப் பிடிக்காது. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பதற்குக் கடமை என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

ஆகவே முதலில் அதைச் செய்யும். உம்முடைய வீட்டிலிருந்து தொடங்கும். அதன்பின் வெறுங்கையோடு ஊருக்குள் இறங்கவேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் அட்டவணையைக் காட்டி, பி.எச்.ஐ.யையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும்) கூட்டிக்கொண்டு போம். மூன்று வருடம் பழைய எண் என்பதால் திரும்ப அளக்கவேண்டும் என்பதையும் சொல்லும். கூட்டம் வைத்து மைக்கில் வாசிக்காதேயும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய கிணற்றின் அளவை ஒரு துண்டில் எழுதிக் கொடும். குளிக்க, உடுப்புத் தோய்க்க, தோட்டத்துக்கு இறைக்கப் பயமில்லை, குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் வேறு தண்ணீர் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆர்.ஓ. தண்ணீர், மழைநீர்த் தாங்கி எல்லாம் ஒரு வழி. ஆனால் உடனடி வழி உம்முடைய அறிக்கையிலேயே இருக்கிறது. மற்ற 24 கிணறுகளில் 1.0-க்கு மேல் போகாதவை! எந்த வீட்டுக்கு எந்த நல்ல கிணறு கிட்ட என்ற வரைபடம் உம்மிடம் இருக்கிறது. யார் கிணற்றில் யார் அள்ளுவது என்ற பழைய சாதிக் கதை எங்காவது தலைதூக்கும். தூக்கினால் பி.எச்.ஐ.யை முன்னுக்கு விடும், நீர் தனியாக நின்று வாதாடவேண்டாம். சிறுநீரக நோயைப் பற்றிக் கேட்பார்கள், வவுனியாவில் பலரைப் பிடித்திருக்கும் நோய் அது, கேட்காமல் விடமாட்டார்கள். அந்த நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. உம்முடைய புளோரைட்டு எண்ணைக் கொண்டுபோய் அதில் ஒட்டிச் சனத்தை வெருட்டாதேயும்.

இனி எம்.பில். போகலாமா என்றால், போம். ஆனால் ஒரு பட்டம் சும்மா கிடக்கிறது, எடுத்துவிடுவோம் என்று போகாதேயும். பாடம் கேட்டு எழுதும் எம்.எஸ்ஸி.யும் இதுவும் ஒன்றில்லை. பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், பாடத்தோடு ஆய்வும் சேர்ந்தது 10, எம்.பில். 11, கலாநிதிப் பட்டம் 12. எம்.பில். முழுக்க முழுக்க ஆய்வு. வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை அல்ல. ஒரு கேள்வியை வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். உமக்கு அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் நீர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆவணியில் ஒரே ஒரு தடவைதான் எடுத்தீர். மாரி பெய்து கிணறு நிரம்பின பிறகு அதே 38-இலும் எடுத்தால் எண் இறங்குமா? வெட்டுக்கிணற்றுக்கும் ஆழமான குழாய்க்கிணற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஒரே ஒழுங்கையில் ஒரு கிணறு நல்லதாகவும் அடுத்த கிணறு கூடாததாகவும் இருப்பது ஏன்? பயோரைற், அப்பரைற் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டு கரைந்து வருகிறது என்பது பாடப்புத்தகம். கல்சியம் குறைந்து பைகாபனேற்று கூடின தண்ணீரில் அது தங்கிவிடும் என்பதும் பாடப்புத்தகம். உம்முடைய ஊரில், உம்முடைய காலடியில் கிடக்கும் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையின் எந்த வெடிப்பு வழியாக எந்தக் கிணற்றுக்கு அது போகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெரியம்மாவின் கல்லுக் கதைக்கும் பதில் இருக்கிறது. இந்தத் தீவின் அடித்தளப் பாறைகளைப் பிரித்துப் பெயர் வைத்தபோது ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்றே வைத்தார்கள். அதற்கும் மத்தியில் இருக்கும் மேட்டுநிலத் தொகுதிக்கும் எல்லை எது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1903இல் இங்கே கனிப்பொருள் அளவை தொடங்கியபோது அதற்கு முதல் இயக்குநராக இருந்தவர் சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. சிற்பம், ஓவியம் என்று பிறகு போனவர்தான், ஆனால் தொடங்கியது கல்லில். பெரியம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாரும். மசியமாட்டா, என்றாலும் சொல்லிப் பாரும்.

மேற்பார்வையாளருக்கு இந்த வாரமே பதில் எழுதும். இரண்டு மாதம் பதில் போடாதது மரியாதைக் குறைவு. முதல் வரியில் மன்னிப்புக் கேளும், காரணம் அடுக்கவேண்டாம். பிறகு வெட்கப்படாமல் கேட்கவேண்டியதைக் கேளும்: ஆய்வு உதவியாளர் கொடுப்பனவு உண்டா, எந்த மாதம் வரை? மாதிரி பரிசோதிக்கும் செலவு யார் தலையில்? அவரிடம் முன்பு பதிந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவரை மட்டும் நம்பாமல் அவருடைய பழைய மாணவர் ஒருவரையும் விசாரியும். வேலையை உதறிவிட்டுப் போகாதேயும். படிப்பு லீவுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்தில் வாங்கும். ‘உதெல்லாம் தரமாட்டினம்’ என்று கன்ரீனில் சொல்பவர்கள் ஒருநாளும் விண்ணப்பித்திருக்கமாட்டார்கள். அது சரிவராவிட்டால் பகுதிநேரமாகப் பதியலாமா என்று கேளும்.

குடும்பக் கடமையை விட்டுவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீரே, உம்முடைய ஆய்வுக் களம் எங்கே இருக்கிறது? உம்முடைய வீட்டுப் படலைக்கு வெளியே! ஆய்வுகூட வேலைக்குத்தான் பேராதனை. வறட்சியில் ஒருமுறை, மாரிக்குப் பிறகு ஒருமுறை என்று போத்தலோடு ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும். தம்பிக்கு உயர்தரம் என்றால் பத்தொன்பது வயது வரும். சோறு வடிக்கவும் நல்ல கிணற்றில் போய் இரண்டு கான் தண்ணீர் அள்ளிவரவும் அவனுக்குக் கை இருக்கிறது. அக்காவும் வீட்டில் இருக்கிறா. ஆம்பிளைப் பிள்ளை படிக்கட்டும், பொம்பிளைப் பிள்ளை பார்க்கட்டும் என்ற ஏற்பாடு உங்கள் வீட்டில் யார் போட்டது? அம்மாவா, அல்லது நீரே போட்டுக்கொண்டதா? கடிதத்தில் அம்மா உம்மைப் போகவேண்டாம் என்று சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அவவிடம் நீர் கேட்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

லண்டன் சம்பந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கலியாணம் கட்டுவது நல்ல விஷயம், 27 ஒன்றும் பிந்தின வயதும் இல்லை. பெரியம்மா வழியாக இல்லாமல், அந்தப் பெடியனோடு நேரே போனில் கதைத்து, எம்.பில். முடியும் மட்டும் பொறுப்பாரா, அதில் பாதி நாள் நீர் வன்னியில் கிணறு கிணறாக அலைவது அவருக்குச் சம்மதமா என்று கேளும். பதிலைப் பெரியம்மாவுக்குச் சொன்னால் போதும், எனக்கு எழுதத் தேவையில்லை.