டீமில் ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் தவறு அவர் மீதா, மேனேஜர் மீதா?

பாதிக்கு மேல் மேனேஜர் பக்கம்தான் என்பேன். பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் ஐடி வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் டீமில் ஒரு திருநெல்வேலிப் பையன், ப்ரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வரும் கோளாறுகளைச் சரிசெய்யும் வேலை. 'ஸ்லோ' என்று பெயர் வாங்கிவிட்டான், ரேட்டிங்கும் அடிமட்டம். அப்போதிருந்த மேனேஜர் அவ்வப்போது கூப்பிட்டு "இன்னும் ஓனர்ஷிப் எடுக்கணும்" என்பார். அப்படியென்றால் நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கும் புரியாது, அவரும் சொல்ல மாட்டார்.

அப்புறம் புது மேனேஜராக மதுரைக்கார அம்மா ஒருவர் வந்தார். வந்த வாரமே அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "தம்பி, இப்போ உன் கையில என்னென்ன வேலை இருக்கு? யார் யார் குடுத்தது?" என்று கேட்டு ஒரு தாளில் எழுத வைத்தார். மூன்று பேர் கொடுத்திருந்தார்கள், மூன்றுமே 'அர்ஜென்ட்'. ஒருவர் வேலையைத் தொட்டால் மற்ற இருவரும் விரட்டுவார்கள். இனிமேல் எந்த வேலையும் தன் வழியாக, ஜிராவில் (வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள்) பதிந்துதான் வர வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். எது முதலில் என்று காலையிலேயே முடிவு செய்து கொடுப்பார். அடுத்த காலாண்டில் டிக்கெட், அதாவது பதிவான வேலைகள், தேங்கவில்லை. அதே பையன், அதே சம்பளம்.

ஊழியர் ஈடுபாட்டை அளக்க காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வைத்திருக்கும் 12 கேள்விகளில் முதலாவதே, வேலையில் உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா என்பதுதான். கூகுள் 2008இல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் ஆக்சிஜன்' ஆய்வில் நல்ல மேனேஜரின் எட்டுப் பழக்கங்களை வரிசைப்படுத்தினார்கள். கூட நின்று சொல்லிக்கொடுப்பது முதலில், தொழில்நுட்ப அறிவு கடைசியில். நாமோ நன்றாகக் கோட் எழுதுபவரைப் பிடித்துத்தான் மேனேஜர் ஆக்குகிறோம்!

பெல் கர்வ், அதாவது இத்தனை பேருக்கு மேல்மட்ட ரேட்டிங், இத்தனை பேருக்கு அடிமட்டம் என்று முன்கூட்டியே பங்கு பிரிக்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். பத்துப் பேரும் நன்றாகச் செய்தாலும் ஒருவரைக் கீழே தள்ளியே ஆக வேண்டும் என்றால், பக்கத்து சீட்காரருக்கு யார் உதவுவார்? மைக்ரோசாஃப்ட் 2013இல் இந்த முறையைக் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய வருடமே வருடாந்திர அப்ரைசலை எடுத்துவிட்டு, அடிக்கடி உட்கார்ந்து பேசும் முறைக்கு மாறியது.

எல்லாப் பழியையும் மேனேஜர் தலையில் போடவும் முடியாது. சிலருக்கு அந்த வேலையே ஒத்துவராது. சிலருக்குப் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கிலேயே பாதி உயிர் போய்விடும்.

நீங்கள் லீடாக இருந்தால், பிப்பில் (குறித்த காலத்துக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லும் திட்டம்) போடுவதற்கு முன் அவரை ஒரு அரைமணி நேரம் தனியாக உட்கார வைத்து, கையில் உள்ள வேலைகளைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். எது எப்போது, எந்த அளவுக்கு முடிந்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, இரண்டு மாதம் பாருங்கள். அதற்கும் சரிப்படவில்லையா, முகத்துக்கு நேரே சொல்லி வேறு வேலைக்கு மாற்றப் பாருங்கள். மார்ச் மாத அப்ரைசல் கடிதத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிய வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.