எந்த வகுப்பு இலக்கணத்திலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பெரியவளுக்கு 12 வயது, ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கில வழிப் பள்ளியில் படித்தவள். சின்னவனுக்கு 9. இருவரும் தமிழில் கதைப் புத்தகங்கள் நன்றாக வாசிப்பார்கள், எழுதுவதில்தான் ஏகப்பட்ட பிழைகள். வயதுக்கு ஏற்றபடி ஏழாம் வகுப்பு இலக்கணத்தை எடுத்தேன், பெரியவள் குற்றியலுகரத்திலேயே நின்றுவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் "இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்கிறாள். எந்த வகுப்பிலிருந்து ஆரம்பிக்கட்டும்?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: அவள் நின்றுபோனதில் ஆச்சரியமே இல்லை. தமிழ்நாடு பாடநூலில் குற்றியலுகரம் (சொல்லின் கடைசியில் வரும் கு, சு, டு, து, பு, று ஆகியவற்றின் உகரம் குறுகி ஒலிப்பது) ஏழாம் வகுப்பின் முதல் இயலிலேயே வந்துவிடும், ஏனென்றால் முதலெழுத்து (உயிரும் மெய்யும்), சார்பெழுத்து (அவற்றைச் சார்ந்து வருபவை) எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டன என்ற கணக்கில் எழுதப்பட்ட புத்தகம் அது. உங்கள் மகள் அந்த ஆறாம் வகுப்பில் உட்காரவே இல்லை. அதற்காக ஐந்தாம் வகுப்புக்கு இறக்கினால், நிறைய வாசிக்கிற பிள்ளைக்குச் சலிப்புத்தான் வரும். அதனால் வகுப்பு எண்ணைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், அவள் கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.

அவளுக்குப் பிடித்த விஷயம் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள். இன்னொரு நாள் ஒரு கதைப் புத்தகத்திலிருந்து பத்து வரி வாசியுங்கள், அவள் கேட்டு எழுதட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு பிழைகளை எண்ணாமல் வகை பிரியுங்கள். ல, ள, ழ குழப்பமா? ன, ண, ந குழப்பமா? "அந்தப் பையன்" என்பதை "அந்த பையன்" என்று ஒற்றை, அதாவது நடுவில் வரும் மெய்யெழுத்தை, விட்டுவிடுகிறாளா? "பறவைகள் பறந்தது" என்று ஒருமை பன்மை தவறுகிறதா? "வந்துச்சு", "போயிட்டு" என்று பேச்சு அப்படியே தாளில் இறங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, அந்தந்தப் பாடம் இருக்கிற புத்தகமும் வேறு.

எழுத்துக் குழப்பம்தான் அதிகம் என்றால் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இன எழுத்துகளும் மயங்கொலிகளும் (ல, ள, ழ போல ஒலியில் குழப்புகிற எழுத்துகள்) இருக்கின்றன, அந்த இரண்டு பாடங்களை மட்டும் எடுங்கள். இன எழுத்தை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கச் சொல்வேன், அவ்வளவு பலன் அதில். ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். கண்டு, கன்று, பந்து. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இது மனதில் பதிந்துவிட்டால் மூன்று ன-வில் எது என்ற சந்தேகத்தில் ஒரு பெரிய பகுதி தானாகவே தீர்ந்துவிடும். வலி, வளி, வழி போன்றவற்றுக்கு அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. வாசிப்பும், வாய்விட்டுச் சரியாக உச்சரிப்பதும், சொல்வதை எழுதுவதும்தான் வழி.

ஒருமை பன்மைக்கும் பேச்சு வழக்குக்கும் புத்தகமே வேண்டாம். அவள் எழுதிய பக்கத்தை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நிறைய வாசிக்கிற பிள்ளை என்பதால் பாதியை அவளே பிடித்துவிடுவாள்.

ஒற்றுப் பிழைதான் அதிகம் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். "வல்லினம் மிகும் இடங்கள்" எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பட்டியலாக வரும், பல பெற்றோர் அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது நிற்காது. முதலில் அந்த, இந்த, எந்த மூன்றுக்குப் பின்னால் க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் வந்தால் அதன் ஒற்று மிகும், அதாவது நடுவில் கூடுதலாக வரும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: அந்தப் பையன், எந்தக் கடை. ஒரு வாரம் அதையே கவனிக்கட்டும். அப்புறம் ஐ, கு. புத்தகத்தைப் படித்தேன், ஊருக்குப் போனேன். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்ற பெயர்களை அப்போது சொன்னால் போதும், தினமும் பேசுகிற தமிழில் ஐ-யும் கு-வும் ஏற்கெனவே இருப்பதால் பயமே இருக்காது. "வேலை கொடு", "வேலைக் கொடு" இரண்டையும் எழுதிக் காட்டுங்கள், ஓர் ஒற்று வந்ததும் உத்தியோகம் ஈட்டியாகிவிடுவதைப் பார்க்கிற பிள்ளை அதற்குப் பிறகு ஒற்றை அலட்சியம் செய்யாது.

இது கைவந்த பிறகு "படித்துப் பார்த்தான்", "வந்து பார்த்தான்" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படித்து, வந்து இரண்டுமே வினையெச்சம்தான் (இன்னொரு வினையைச் சேர்ந்து முடிகிற வினைச்சொல்), ஒன்றில் ப் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை, ஏன் என்று அவளையே யோசிக்க விடுங்கள். படித்து என்பதில் கடைசி து-வுக்கு முன்னால் வல்லின மெய், வந்து என்பதில் மெல்லின மெய். இதற்குத்தான் வன்தொடர்க் குற்றியலுகரம், மென்தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் அவளை நிறுத்திய அதே பாடம்தான் இது, ஆனால் இப்போது அவளுக்கு அது தேவைப்படுகிற நேரத்தில் வருகிறது. அதனால் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கி வைக்க வேண்டாம், மேசையிலேயே இருக்கட்டும். ஆறு முதல் ஒன்பது வரை எல்லாப் புத்தகங்களும் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு இயலிலும் "கற்கண்டு" என்ற பகுதிதான் இலக்கணம், தேவையானதை மட்டும் அச்செடுத்துக் கொள்ளுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சின்னவனுக்குத் தனி இலக்கணப் புத்தகம் வேண்டாம் என்பதே என் கருத்து. அக்காவுக்கு வாசிக்கும் அதே பத்தியில் மூன்று வரியை அவனும் எழுதட்டும். குறில், நெடில், பெயர், வினை, ஒருமை, பன்மை இவ்வளவு தெரிந்தால் இந்த வயதுக்குத் தாராளம்.

ஒரு விஷயத்தில் மட்டும் வகுப்புக் கணக்கு உண்டு. மகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கப் போகிறீர்கள் என்றால், அதற்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். தேர்வுக்கு அவர்கள் தரும் பாடத்திட்டம்தான் அளவுகோல். எனவே 13 வயதில் அந்தப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, அவளுக்கு இன்னும் தெரியாத இலக்கணப் பகுதிகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதை நினைத்துப் பதற வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங் செய்கிறவர்களுக்கான ஆங்கில இலக்கணப் பாடத்தொகுப்பு ஒன்றை வாங்கினோம். 10 வயது மகனுக்கு அவன் வயதுக்கான லெவல் கடினமாக இருக்கிறது. இரண்டு லெவல் இறக்கினால் பின்தங்கிவிடுவானா?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக இறக்குங்கள், பின்தங்க மாட்டான். ஆனால் இறக்கினால் மட்டும் போதாது. அந்தப் புத்தகங்கள் பிறந்ததிலிருந்து ஆங்கிலத்தையே கேட்டு வளர்கிற பிள்ளைக்காக எழுதப்பட்டவை. அந்தப் பிள்ளைக்கு எங்கே 'எ' (a), எங்கே 'த' (the) என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, "டிட் யூ வென்ட்" என்று அது பெரும்பாலும் எழுதவும் எழுதாது. நம் வீட்டுப் பிள்ளை தடுமாறுவது சரியாக அங்கேதான், அதைப் பற்றி அந்தத் தொகுப்பில் எந்த லெவலிலும் அதிகம் இருக்காது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு எழுதிய எளிய புத்தகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லெவலைக் கண்டுபிடிக்கப் பல பதிப்பகங்கள் இலவசமாகவே ஒரு தேர்வு வைத்திருக்கின்றன. அதை எழுதும்போது மட்டும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காதீர்கள், கொடுத்தால் வருகிற லெவல் அவனுடையதாக இருக்காது.

கேள்வி: 11 வயதுப் பேத்திக்கு நன்னூல் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். மருமகள் "இப்போதே எதற்கு" என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகர், மதுரை

பதில்: ஐயா, பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலை ஒரு பேத்திக்குக் கொடுக்க நினைக்கிறீர்களே, அந்த ஆசைக்கே வணக்கம். வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேற்றுமையை அவள் தன் சொந்த வாக்கியங்களில் கண்டுபிடித்த பிறகு அதற்கான சூத்திரத்தைச் சொல்லுங்கள், தான் கண்டதையே இரண்டு வரியில் கட்டி வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷமாகவே மனதில் ஏற்றிக்கொள்வாள். பொருள் தெரியாமல் நூறு சூத்திரம் ஒப்பிப்பதைவிட அப்படிப் பத்துத் தெரிந்தால் நல்லது. அந்த அளவில் மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.