டிஏசிக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பாஸிவ் ப்ரீஆம்ப் போதுமா?

கேள்வி இது (டிஏசி என்றால் டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக்கும் கருவி, பவர் ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் கருவி): "மும்பை ஃப்ளாட்டில் ஒரு டிஏசி, ஒரு பவர் ஆம்ப் வைத்திருக்கிறேன். நடுவில் பாஸிவ் ப்ரீஆம்ப் வைத்தால் போதுமா, காசு சேர்த்து ஆக்டிவ் வாங்கவேண்டுமா? பாஸிவில் ஒலிக்கு உயிர் இருக்காது என்கிறார்களே?"

போதும். உயிர் இருக்காது என்று சொன்னவர் எந்த செட்டில், எத்தனை மீட்டர் ஒயர் போட்டுக் கேட்டார் என்று முதலில் விசாரியுங்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்குப் பார்க்காமல் ஒரு நல்ல பொருளைப் பலரும் இப்படித்தான் ஒதுக்கிவிடுகிறார்கள்.

பாஸிவ் ப்ரீஆம்ப் என்பது ஒரு டப்பா. உள்ளே ஒரு வால்யூம் கன்ட்ரோல், சோர்ஸ் மாற்ற ஒரு செலக்டர் சுவிட்ச், பின்னால் ஆடியோ ஒயர் குத்த ஆர்சிஏ சாக்கெட்டுகள். அவ்வளவுதான். சிக்னலைக் குறைக்கும், கூட்டாது. உங்களுக்குக் கூட்டவேண்டிய தேவை இருக்கிறதா என்று பாருங்கள். சிடி பிளேயரோ டிஏசியோ ஆர்சிஏ வழியாக முழு அளவில் சுமார் 2 வோல்ட் தரும். வீட்டு பவர் ஆம்ப்களில் பெரும்பாலானவை 1 முதல் 1.5 வோல்ட்டிலேயே முழு பவரைத் தொட்டுவிடும். ஃப்ளாட்டில் யாரும் முழு பவரில் கேட்பதில்லை. அப்படியிருக்க, வருகிற சிக்னலே அதிகம். ஆக்டிவ் ப்ரீஆம்ப் பலவற்றிலும் முதலில் வால்யூம் கன்ட்ரோல் அதைக் குறைக்கிறது, பிறகு ஒரு சர்க்யூட் மறுபடி பெருக்குகிறது. உங்கள் செட்டுக்கு அந்த இரண்டாவது வேலை வேண்டாத வேலை.

ஆக்டிவ் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நல்ல ஆக்டிவ் ப்ரீஆம்ப் நல்ல பொருள்தான். கேட்டவரிடம் இருக்கும் செட்டுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

செம்பூரில் எங்கள் பில்டிங்கில் ஒரு மாமா இருக்கிறார். ரிட்டயர் ஆனபிறகு கர்நாடக சங்கீதம் கேட்பதற்கென்றே செட் போட்டவர். யாரோ செய்து விற்ற பாஸிவ் டப்பா ஒன்றை வாங்கி வைத்தார். வைத்த வாரமே என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, இது ஏன் இப்படி மந்தமா இருக்கு? தம்புரா போர்வைக்குள்ள இருந்து கேக்கறாப்ல இருக்கு. பாஸிவ்னாலே இப்படித்தானாமே, எல்லாரும் சொல்றா."

போய்ப் பார்த்தேன். டிஏசியும் டப்பாவும் வாசல் பக்கத்து ஷோகேஸில். பவர் ஆம்ப் ஹாலின் அந்தக் கோடியில், ஸ்பீக்கர்களுக்கு நடுவில். சுவரோரமாக 5 மீட்டர் ஆர்சிஏ ஒயர். நான் எதையும் கழற்றவில்லை. ஜால்ரா தெளிவாக வருகிற ஒரு பஜனை ரெக்கார்டிங்கைப் போடச்சொல்லி, வால்யூமை மெல்லத் திருப்பினேன். கீழே இருக்கும்போது ஜால்ரா கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. மேலே போகப் போக மங்கியது. மாமா சத்தமாகக் கேட்கிற இடத்தில் நன்றாகவே மழுங்கிவிட்டது. ஒரு நொடி முழுதாகத் திருப்பியபோது பளிச்சென்று திரும்பி வந்தது. "மாமா, கவனிச்சேளா? பாஸிவே காரணம்னா எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி மங்கணுமே" என்றேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். இதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வால்யூம் கன்ட்ரோலின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே போகிற சிக்னல் சந்திக்கும் தடை) அதைத் திருப்பத் திருப்ப மாறும். சிக்னல் பாதி வோல்ட்டேஜுக்கு இறங்குகிற இடத்தில், அதாவது மைனஸ் 6 டெசிபெலில், அது உச்சத்தில் இருக்கும். அந்த உச்சம் மொத்த மதிப்பில் கால் பங்கு. 100 கிலோ ஓமுக்கு 25 கிலோ ஓம். ஆர்சிஏ ஒயருக்கு மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) என்று வைத்தால் 5 மீட்டருக்கு 500. இரண்டும் சேர்ந்து சுமார் 12.7 கிலோ ஹெர்ட்ஸில் 3 டெசிபெலை விழுங்கிவிடும். 10 கிலோ ஹெர்ட்ஸிலேயே 2 டெசிபெல் போய்விடும். ஜால்ராவின் மினுக்கமும் தம்புராவின் ரீங்காரத்தில் மேலே இருக்கும் இழையும் அங்கேதான் இருக்கின்றன. முழுதாகத் திருப்பினால் டிஏசி நேராகவே ஒயரை ஓட்டுகிறது. அதனால்தான் அங்கே தெளிந்தது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லேமிங்டன் ரோடு போய் 10 கிலோ ஓம் ஸ்டீரியோ லாக் கன்ட்ரோல் (காதுக்குச் சத்தம் சீராக ஏறும் வகை) ஒன்று வாங்கி வந்தேன். மாமாவின் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து சால்டரிங் செய்தேன். ஆறு கால்கள், பழைய ஒயர்களே போதுமாக இருந்தன. இப்போது உச்சமே 2.5 கிலோ ஓம்தான். அதே 5 மீட்டர் ஒயரிலும் அந்த வெட்டு 127 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. மனிதக் காதுக்கு அது எட்டாத தூரம். "ஒயரையும் சேர்த்து மாற்றியிருப்பாய், எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்" என்று கேட்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் தடவை ஒயரைத் தொடவே இல்லை. அதே பஜனை, அதே வால்யூம். ஜால்ரா தட்டுகிற ஓசையும் அது தேய்ந்து முடிகிற வாலும் தனித்தனியாகக் கேட்டன. மாமா எதுவும் பேசாமல் அடுத்த பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் பவர் ஆம்பை ஷோகேஸ் பக்கம் கொண்டுவந்து, ஆர்சிஏ ஒயரை அரை மீட்டராக்கி, ஸ்பீக்கர் ஒயரை நீட்டினோம். நல்ல தடிமனான ஸ்பீக்கர் ஒயர் சில மீட்டர் நீண்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

இதையெல்லாம் விட என் வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது, கேள்விக்கு வெளியேதான். வீட்டில் ஒரு டெசிபெலுக்கு இவ்வளவு பாடுபடுகிற நாங்கள் கச்சேரிக்குப் போனால் என்ன கேட்கிறோம்? போன சீஸனில் ஒரு சபாவில் மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது இடது பக்கத்துக்கு, தனி மைக் வைத்து, ஹால் அதிர ஏற்றிவிட்டார்கள். வயலின் காதைக் கிழித்தது, பாட்டு எங்கோ பின்னால். எழுந்துபோய் மிக்ஸர் பையனிடம் சொன்னால் "ஆர்ட்டிஸ்ட் கேட்டாங்க சார்" என்கிறான். சின்ன ஹாலில் இத்தனை மைக் எதற்கு? கர்நாடக சங்கீதம் மைக் இல்லாமல் வளர்ந்த கலை. நல்ல ரசிகர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ரெக்கார்டிங் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிஏசியும் ஆம்பும் ஒரே அலமாரியில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பவர் ஆம்பின் மேனுவலில் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வருகிற சிக்னலுக்கு அது காட்டும் தடை) பாருங்கள். 47 கிலோ ஓம் பக்கம் இருந்தால் 10 கிலோ ஓம் கன்ட்ரோலை யோசிக்காமல் போடலாம். சில கிளாஸ் டி (சுவிட்சிங் முறையில் பெருக்கும்) ஆம்ப்களில் அது 10 கிலோ ஓமுக்குக் கீழேகூட இருக்கும், அங்கே பாஸிவ் திணறும். டிஏசியின் அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓமுக்குள் இருக்கவேண்டும், இன்றைய டிஏசிகளில் பெரும்பாலும் அப்படித்தான். வால்வ் (கண்ணாடிக் குழாய்) அவுட்புட் உள்ள பிளேயர் என்றால் 20 அல்லது 50 கிலோ ஓம் பாருங்கள், ஒயரை இன்னும் சுருக்குங்கள்.

எல்.பி. இசைத்தட்டு கேட்பவராக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய காந்த வகைப் பிக்கப்) தருவது சுமார் 5 மில்லி வோல்ட். 40 டெசிபெல் ஃபோனோ ஸ்டேஜ் (இசைத்தட்டு சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) அதை நூறு மடங்காக்கினாலும் அரை வோல்ட்தான் வரும். பாஸிவால் அதற்கு மேல் ஏற்றமுடியாது, உங்களுக்கு சத்தம் பற்றாமல் போகலாம். கெயின் (பெருக்கல்) வேண்டாம், ஆனால் நீள ஒயரை ஓட்டவேண்டும் என்றால் நடுவில் ஒரு பஃபர் (வோல்ட்டேஜைக் கூட்டாமல் ஒயரை ஓட்டும் சர்க்யூட்) போதும். அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008-இல் வெளியிட்ட பி1 பஃபர் அந்த வகைதான், வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வாங்கும்போது மலிவான கன்ட்ரோலில் ஒரு தொல்லை உண்டு. வால்யூமை ரொம்பக் குறைத்தால் இடதும் வலதும் ஒத்துப்போகாது, பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். ராத்திரி குறைவாக வைத்துக் கேட்பவர்களுக்கு இது முக்கியம். அல்ப்ஸ் கம்பெனியின் ஆர்கே27 கன்ட்ரோல் போன்றவற்றில் இது குறைவு, ஆனால் போலிகள் உலவுகின்றன, பார்த்து வாங்குங்கள். 24 படிகள் உள்ள ஸ்டெப்டு அட்டென்யுவேட்டர் (படிப்படியாகச் சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்) இன்னும் துல்லியம், விலையும் அதற்கேற்ப. கடையில் "லாக்" என்று கேட்டு வாங்குங்கள். லீனியர் வாங்கினால் கொஞ்சம் திருப்புவதற்குள் சத்தம் எகிறிவிடும். ஆன் செய்யும்போது டிஏசி முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

உங்கள் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், சென்சிடிவிட்டி (முழு பவருக்கு வேண்டிய வோல்ட்) இரண்டையும் கீழே எழுதுங்கள், எத்தனை கிலோ ஓம் வாங்கவேண்டும் என்று சொல்கிறேன்.