பொனேர் தீவில் ஸ்கூபா: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கரீபியனில் எத்தனையோ தீவுகள் இருக்க, பொனேரை மட்டும் ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

பதில்: அங்கே படகு தேவையில்லை. ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் நாலு காற்றுச் சிலிண்டர் போட்டுக்கொண்டால் போதும். மேற்குக் கரையோரச் சாலை நெடுக டைவ் தளத்தின் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் இருக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தி, நடந்தே கடலில் இறங்கலாம். காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை 1979 முதல் கடல் பூங்கா. ஒரே ஒரு எச்சரிக்கை: வண்டிக்குள் பணம், போன் எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

பதில்: முதலில் நீச்சல். அப்புறம் பேசுவோம்.

கேள்வி: பவளம் கையைக் கிழிக்குமே, கையுறை போடலாமா?

பதில்: தடை. கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். வெறும் கை என்றால் தானாகவே பாறையை விட்டு விலகி நிற்பீர்கள்.

கேள்வி: கையுறைக்குத் தடை, ஆனால் லயன்ஃபிஷ்ஷை ஈட்டியால் குத்தலாமா? இது என்ன நியாயம்?

பதில்: நல்ல கேள்வி. பொனேரில் ஈட்டி மீன்பிடிப்பு 1971லிருந்தே தடைதான். லயன்ஃபிஷ்ஷுக்கு மட்டும், பயிற்சி எடுத்து அனுமதி பெற்றவர்களுக்கு விலக்கு. அந்த மீன் நம் மன்னார் வளைகுடாவில் இருப்பது இயல்பு. அட்லாண்டிக்கில் அது வந்தேறி. 1980களில் ஃபுளோரிடா பக்கம் தென்பட்டது, 2009ல் பொனேருக்கு வந்துவிட்டது. இதற்குப் பயப்பட வேண்டும் என்று அங்குள்ள சின்ன மீன்களுக்குத் தெரியாது. பாசி மேயும் கிளிமீன் குஞ்சுகளையும் அது விழுங்குகிறது. மேய ஆளில்லாவிட்டால் பாசி பவளத்தை மூடிவிடும்.

அதே நண்பர்: கொண்டுவந்து விட்டது மனிதன், சாவது மீனா? கடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாதா?

பதில்: மனிதன் விட்டதை மனிதன்தான் எடுக்கவேண்டும் என்பதே என் கட்சி. எப்போதாவது ஒரு களவா மீனின் வயிற்றில் லயன்ஃபிஷ் கிடைத்திருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. முழுசாக ஒழிக்க முடியாது, சரி. நாம் போகமுடியாத ஆழத்திலும் அது வாழ்கிறது. ஆனால் தொடர்ந்து வேட்டையாடும் தளங்களில் எண்ணிக்கை குறைகிறது.

இன்னொருவர்: குத்திய மீனை அங்கேயே மோரே விலாங்குக்குக் கொடுத்துப் பழக்கினால்?

பதில்: ஐயோ, வேண்டாம்! விலாங்கு லயன்ஃபிஷ்ஷைத் தேடப் பழகாது, டைவர் கையைத் தேடப் பழகும். கரைக்குக் கொண்டுவந்து சமையுங்கள். விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி: மெல்லிய கையுறையாவது போடலாமா?

பதில்: முன்பே சொன்னேனே, தடை.

கேள்வி: ஹில்மா ஹூக்கர் கப்பலுக்குப் புதியவர்கள் போகலாமா?

பதில்: கஞ்சாவோடு பிடிபட்டு, 1984 செப்டம்பரில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் மணலில் பக்கவாட்டில் கிடக்கிறது. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றில் 20 நிமிடம் போல்தான் இருக்கலாம். அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான், அதனால் முதலில் அடுத்த நிலைப் பயிற்சியை முடியுங்கள். கப்பலுக்குள் நுழைய அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும்.

கேள்வி: உபகரணங்களைக் கிருமிநாசினியில் கழுவச் சொல்கிறார்களே, கட்டாயமா?

பதில்: கழுவுங்கள். 2014ல் ஃபுளோரிடாவில் தொடங்கிய பவளத் திசு நோய் 2023ல் பொனேரைத் தொட்டுவிட்டது. மூளைப் பவளங்கள் சீக்கிரம் செத்துவிடுகின்றன.

கேள்வி: கடைசி நாள் காலையில் ஒரு டைவ், மாலையில் விமானம். பரவாயில்லையா?

பதில்: கூடாது. ஒரே டைவ் என்றாலே குறைந்தது 12 மணி நேர இடைவெளி வேண்டும். தினமும் இறங்கியவர்களுக்கு 18. கடைசி நாளில் தெற்கே உப்பளப் பக்கம் போய்ப் பூநாரைகளைப் பாருங்கள், வண்டிக்குள் எதையும் விட்டுவைக்காமல்.